கொச்சிக் காயலின் இரு விடுதிகள்

மேற்குக் கடலிலிருந்து கொச்சித் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் மேல்தட்டில் நிற்பவர்க்கு, முகத்துவாரத்தைக் கடந்த சில நிமிடங்களிலேயே நான்கைந்து நூற்றாண்டு வரலாறு ஒரே பார்வையில் அகப்பட்டுவிடும். வலப்புறம் கோட்டைக் கொச்சி. அதனை ஒட்டித் தெற்கே வளைந்து செல்வது மட்டாஞ்சேரிக் கரை. இடப்புறம் வைப்பின் தீவு. அதற்குக் கிழக்கே வல்லார்பாடம். நேர் எதிரே காயல் இரண்டு கால்களாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் மூக்குப்போல் நீண்டிருப்பது வில்லிங்டன் தீவின் வடமுனை. அம்முனையில் ஓட்டுக்கூரையுடன் தாழ்ந்து அமர்ந்திருக்கும் கட்டடம் 1935-ஆம் ஆண்டில் எழுந்த மலபார் ஹோட்டல். அதற்கு வடகிழக்கே, மரங்களுக்கிடையே மற்றொரு ஓட்டுக்கூரை தெரியும். அது 1744-இல் டச்சு வணிகர்கள் எழுப்பிய போல்காட்டி மாளிகை. இன்று அதுவும் ஒரு விடுதியே.

இவ்விரண்டின் கட்டட அமைப்பைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச எண்ணுகிறேன். இரண்டும் உலகப் புகழ் பெற்ற கட்டடங்கள் அல்ல. கல்லில் கவிதை செய்தவை என்று எவரும் இவற்றைப் பாராடியதாகத் தெரியவில்லை. நானும் அவ்வாறு பாராட்டப் போவதில்லை. ஆயினும் இவை ஏன் இப்படி அமைந்தன, எத்திசை நோக்கி நிற்கின்றன என்று கேட்டுக்கொண்டே போனால், கொச்சியின் கதையோடு மட்டாஞ்சேரி இழந்தவற்றின் கதையும் வெளிப்படுகிறது.

நீர்க்கரை விடுதி என்னும் கருத்தே நமக்கும் மேனாட்டார்க்கும் ஒன்றல்ல. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் வடகரையில் லாண்டுட்னோ என்றொரு கடற்கரை நகரம் உண்டு. இரு குன்றுகளுக்கு நடுவே பிறைபோல் வளைந்த விரிகுடா. அந்த வளைவை அப்படியே பின்பற்றி, தோளோடு தோள் நிற்கும் விடுதிகளின் வரிசை. 1858-இல் அங்கே இருப்புப் பாதை வந்தது. 1877-இல் கடலுக்குள் நீண்டு செல்லும் உலாவு மேடை திறக்கப்பட்டது. 1901-இல் அம்மேடையின் அருகிலேயே கிராண்டு ஹோட்டல் எழுந்தது. இவ்விடுதிகளுக்கு வந்தவர்கள் எங்கும் கப்பலேறப் போகிறவர்கள் அல்லர். ஆலை நகரங்களின் புகையிலிருந்து தப்பி, கடற்காற்று வாங்கவும் கடலைக் கண்ணாரக் காணவும் வந்தவர்கள். ஆகவே அங்கே கட்டடம் நாடக அரங்கின் இருக்கை வரிசை போன்றது, கடல் மேடை. வெயில் அரிதான நாடாதலால், ஒவ்வோர் அறையின் ஜன்னலும் சுவரை விட்டு வெளியே பிதுங்கி, கிடைக்கும் ஒளியையெல்லாம் கண்ணாடியால் அள்ளிக்கொள்ளப் பார்க்கும்.

கொச்சியில் நிலைமை நேர்மாறு. இங்கே ஒளிக்கும் குறைவில்லை, நீருக்கும் குறைவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இடவப்பாதி தொடங்கினால் சாரல் சுவரைக் குறுக்காக அறையும். எனவே வேல்ஸில் ஜன்னல் வெளியே நீண்டது. இங்கே இறவாரம் வெளியே நீண்டது. மேலும், இங்கே நீரைக் காண்பதற்கென்று எவரும் பழங்காலத்தில் வீடு கட்டவில்லை. நீர் ஒரு தெரு. அத்தெருவில் சரக்கு வந்தது. அதனால் வீடு அத்தெருவை நோக்கித் திரும்பிற்று.

மட்டாஞ்சேரியின் பஜார் தெருவில் இன்றும் இதற்குச் சான்று காணலாம். அங்குள்ள பழைய பண்டகசாலைகளுக்கு இரண்டு முகங்கள். ஒரு முகம் தெருவுக்கு. அங்கே கடை, கணக்கு மேசை, பேரம். மற்றொரு முகம் காயலுக்கு. அங்கே படித்துறை, படகு, மூட்டை. நடுவே முற்றம், மிளகும் இஞ்சியும் உலரும் இடம். பெரிய கப்பல்கள் முகத்துவாரத்துக்கு வெளியே ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். உள்ளே வரவொட்டாமல் பாறைபோல் இறுகிய மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. ஆகவே சரக்குகள் அனைத்தும் படகுகளில் ஏறி மட்டாஞ்சேரியின் பின்வாசலில் வந்து இறங்கின. கொங்கணியரும் குஜராத்தியரும் யூதரும் கச்சி மேமன்களும் தமிழரும் அடுத்தடுத்துக் குடியேறி வாணிகம் செய்ததற்கு அந்தப் பின்வாசல்களே காரணம் என்று சொன்னாலும் தவறில்லை.

இனி, போல்காட்டிக்கு வருவோம். டச்சுக்காரர்கள் 1663-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். மிளகு வாணிகம் முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவர முயன்றனர். 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை அவர்களை முறியடித்தது. குமரி மாவட்டத்து நேயர்களுக்கு நான் அதனை விவரிக்க வேண்டியதில்லை. அத்தோல்விக்கு மூன்றாண்டு கழித்துக் கட்டப்பட்டதே போல்காட்டி மாளிகை. போரில் தோற்றவர்கள் கோட்டை கொத்தளங்களை வலுப்படுத்துவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். இவர்களோ, கோட்டைக்கு வெளியே, காயல் நடுவே, காவல் மதிலற்ற ஒரு தோட்ட வீட்டைக் கட்டினார்கள். மலையாளக் கரையில் டச்சு ஆதிக்கம் தணியத் தொடங்கிய காலத்து வீடு இது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையுடன் அவ்வாதிக்கத்தின் அரசியல் கனவு முடிந்தது. வீடு மட்டும் நின்றது. 1795-இல் கொச்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் இம்மாளிகை ஆங்கில ரெசிடெண்டின் இருப்பிடமாக விளங்கிற்று. 1947-க்குப் பின் அரசின் சொத்தாகி, இன்று கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியாக இயங்கி வருகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும். போல்காட்டியை ஆங்கிலப் பலகைகள் அரண்மனை என்கின்றன. அங்கே அரசர் எவரும் அரியணை இட்டதில்லை. அது வணிகர் வீடு, பின்பு அதிகாரி வீடு. மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை என்ற பெயருடைய கட்டடமோ உண்மையிலேயே கொச்சி மன்னரின் அரண்மனை. ஆனால் அதனைக் கட்டியவர் டச்சுக்காரர் அல்லர். 1555-ஆம் ஆண்டளவில் போர்ச்சுக்கீசியர் கட்டி, வீர கேரள வர்ம மன்னருக்கு வழங்கியது அது. 1663-இல் டச்சுக்காரர் பழுது பார்த்தனர், பெயரையும் தட்டிக்கொண்டனர். ஆக, கொச்சியின் இரண்டு அரண்மனைகளின் பெயரும் பொருந்தாப் பெயர்களே.

ஆனால் அந்தப் போர்ச்சுக்கீசியக் கட்டடம் நமக்கு ஓர் அரிய செய்தியைச் சொல்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் தம் ஊர் மாளிகையை இங்கே நட்டுவிடவில்லை. நடுவே முற்றம்; முற்றத்தில் பழயன்னூர்ப் பகவதியின் சிறு கோயில்; நாற்புறமும் கட்டு; மேலே சரிந்த ஓட்டுக்கூரை. கேரளத்தார் நாலுகெட்டு என்று வழங்கும் அமைப்பு இது. நம் செட்டிநாட்டு வீட்டையும் நாஞ்சில்நாட்டு வீட்டையும் அறிந்தவர்க்கு இதன் உறவு உடனே விளங்கும். சுவரின் கனமும் வளைவு வாயில்களும் சில அறைகளின் அளவும் மட்டுமே வெளிநாட்டுக் கை பட்டவை. போல்காட்டியிலும் இதே உடன்பாட்டைக் காணலாம். உயர்ந்த கூடம், அகன்ற அறைகள், தடித்த சுவர்கள் ஆகியவை டச்சுக்காரரின் விருப்பம். அகன்ற தாழ்வாரமும் கூரையின் சரிவும் மழையின் கட்டளை.

இக்கொடுக்கல் வாங்கலை அறிய ஏட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. நம் நாவிலேயே சான்று இருக்கிறது. விடுதி அறை ஒன்றில் நுழைந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். திறப்பதற்குக் கையில் சாவி. உள்ளே மேசை, அலமாரி, கொடியில் துவாலை. ஒளிக்கு ஜன்னல், ஜன்னலுக்குக் கிராதி. இவை அனைத்தும் போர்ச்சுக்கீசியச் சொற்கள். கட்டட வேலையை மேற்பார்த்த மேஸ்திரியும் அம்மொழிச் சொல்லே. கழிப்பறைக்கு நம் முன்னோர் வழங்கிய கக்கூசு என்ற சொல்லை டச்சுக்காரர் விட்டுச் சென்றனர் என்பர். ஆனால் அண்ணாந்து பாருங்கள்: கூரை, ஓடு, உத்தரம், தூண். வெளியே வாருங்கள்: திண்ணை, முற்றம், வாயில். இவற்றுக்கு நாம் எவரிடமும் கடன் வாங்கவில்லை. அறைக்குள் வைக்கும் பொருள் கப்பலில் வந்தது. அறையை மூடிக் காக்கும் பொருள் இங்கேயே இருந்தது. கொச்சிக் கட்டடக் கலையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மலபார் ஹோட்டலின் காலத்துக்குள் ஓடும் மாறியிருந்தது. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்தத் தட்டையோடுகள் மேற்குக் கரை முழுவதும் பரவின; நம் ஊர்களில் அவற்றைச் சீமை ஓடு என்றார்கள். கையால் செய்த நாட்டோட்டைவிட அவை பரப்புக்கு எடை குறைந்தவை, காற்றுக்கு எளிதில் புரளாதவை. எடை குறைவு என்ற இந்தப் பண்பு, அடுத்து நாம் காணப்போகும் இடத்துக்கு மிகவும் வேண்டியதாயிற்று. ஏனெனில் அந்த ஹோட்டல் நிற்கும் நிலமே, கட்டப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை நிலமாக இல்லை.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920-இல், ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். குறுக்கே கிடந்த மணல் திட்டை வெட்டினால் வைப்பின் கரை அரித்துப் போகுமோ என்ற அச்சம் நெடுங்காலமாக இருந்தது. காற்று, நீரோட்டம், மணலின் போக்கு ஆகியவற்றை அளந்து ஆராய்ந்த பின், வெட்டலாம், கரையையும் காக்கலாம் என்று அவர் முடிவுகட்டினார். சுமார் 450 அடி அகலமும் மூன்றரை மைல் நீளமுமுள்ள வாய்க்கால் கடலுக்குள் தோண்டப்பட்டது. அதற்கென வந்த தூர்வாரும் கப்பலின் பெயரும் லார்டு வில்லிங்டன் என்பதே. 1928 மே 26-இல் பம்பாயிலிருந்து வந்த பத்மா என்னும் நீராவிக் கப்பல் தடையின்றி உள்துறைமுகத்துள் புகுந்தது.

தோண்டிய சேற்றையும் மணலையும் எங்கே கொட்டுவது? காயல் நடுவே வெண்டுருத்தி என்ற இயற்கைத் தீவு ஒன்று இருந்தது. அதன் வடக்கே கொட்டினார்கள். ஏறத்தாழ 780 ஏக்கர் புதுநிலம் நீரிலிருந்து மேலே வந்தது. அதுவே வில்லிங்டன் தீவு. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமாயிற்று. கடலடியிலிருந்து எடுத்துச் செய்த தீவில் தாம் குடியிருப்பதாக பிரிஸ்டோ பி.பி.சி. வானொலியில் பிரிட்டிஷ் நேயர்களுக்கு எடுத்துரைத்ததுண்டு. பெங்களூரிலிருந்து சேலம், ஈரோடு, கோவை வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் ஐலண்டு எக்ஸ்பிரஸில் பயணம் செய்யும் நம்மவர்கள், கடலில் தீவு இல்லாத வழியில் ஓடும் வண்டிக்கு ஏன் தீவின் பெயர் என்று வியந்திருக்கலாம். முன்னாளில் அவ்வண்டி சென்று முடிந்த இடம் இந்தத் தீவுதான்.

இப்போது 1935-இன் கட்டடத்தைப் பார்ப்போம். முதலில் கவனிக்க வேண்டியது அதன் இடம். தீவின் நுனியில், எர்ணாகுள வாய்க்காலும் மட்டாஞ்சேரி வாய்க்காலும் பிரியும் புள்ளியில் அது நிற்கிறது. உள்ளே வரும் கப்பல் எதுவாயினும் அதன் முன்னே வந்துதான் எப்பக்கம் திரும்புவது என்று முடிவு செய்ய வேண்டும். வேல்ஸின் விடுதிகள்போல் இது ஓய்வுக்காக எழுந்ததன்று. கப்பலுக்குக் காத்திருப்போர், கப்பலிலிருந்து இறங்கியோர், துறைமுகத்தை நாடி வரும் வணிகர், அலுவலர் ஆகியோர்க்கு ஒரு தங்குமிடம் வேண்டியிருந்தது. நம் வழக்கில் சொன்னால் சத்திரம். செலவு மிகுந்த சத்திரம். தீவைக் கரைகளோடு இணைக்கும் பாலங்கள் எழுமுன்னர், நீர்வழியே அல்லாது இவ்விடத்தை அடைய வேறு வழியில்லை. ஆகையால் நீரை நோக்கிய பக்கமே இதன் முகப்பு. இன்று மோட்டாரில் வந்து இறங்குபவர்கள் நுழைவது, உள்ளபடியே, கட்டடத்தின் முதுகுப் புறமாகும்.

இரண்டாவது, அதன் உயரம். பழைய பகுதி இரண்டே தளம். லாண்டுட்னோவின் விடுதிகள் பல மாடிகளாக ஓங்கி நிற்க, இது படுத்த நிலையில் நீண்டு கிடக்கிறது. புதிதாகக் கொட்டிய மணல்மேல், அடியில் சேறு கிடக்கும் நிலத்தில், பெருங்கட்டடம் எழுப்புவது அக்காலத்தில் எளிதன்று என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் காரணம் எதுவாயினும் விளைவு நன்று. கூரை சரிந்து, இறவாரம் தாழ்ந்து, மரத்தளமும் மரத் தூண்களும் கொண்ட அந்தப் பகுதியைக் காயலின் மறுகரையிலிருந்து பார்த்தால், மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளுள் ஒன்று நீந்திப்போய்த் தீவின் முனையில் கரையேறியதுபோல் தோன்றும். ஆங்கிலேயர் தம் சென்னைக் கட்டடங்களில் காட்டிய இந்தோ-சாரசனிய ஆடம்பரம், குவிமாடம், கோபுரம், வண்ணக் கண்ணாடி எதுவும் இங்கே இல்லை. அரசு காட்டவேண்டிய இடத்தில் ஆங்கிலேயர் கோபுரம் கட்டினார்கள்; உறங்க வேண்டிய இடத்தில் ஓட்டுக்கூரை போதும் என்றார்கள். எனக்கு இந்த இரண்டாவது ஆங்கிலேயரையே பிடித்திருக்கிறது.

பிற்காலத்தில், தாஜ் குழுமத்தின் பொறுப்பில் இவ்விடுதி வளர்ந்தபோது, பழைய பகுதிக்கு அருகே பல மாடிக் கட்டடம் ஒன்று சேர்ந்தது. அதிலிருந்து காணும் காட்சி சிறந்ததே, மறுப்பதற்கில்லை. ஆனால் அதனை நாம் காணும் காட்சி அத்துணைச் சிறந்ததன்று. தாழ்ந்த கூரையின் பக்கத்தில் உயர்ந்த சுவர் நிற்கும்போது, கூரை குட்டையாகிவிடுகிறது.

கட்டடம் என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. யார் உள்ளே வரலாம் என்பதும் அதில் அடங்கும். அக்காலக் கொச்சியில் ஐரோப்பியரின் சங்கத்தில் இந்தியர்க்கு இடமில்லை. இதனைப் பொறாத பிரிஸ்டோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1931-இல் எர்ணாகுளத்தில் இரு சாராரும் ஒன்றாக அமரும்படி லோட்டஸ் கிளப் என்ற சங்கத்தை நிறுவினர். தீவைச் செய்தவர் என்பதைவிட இதற்காகவே அவரை நினைக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. விடுதியின் பின்வாசலிலும் ஒரு வரலாறு இருக்கிறது. அது நம்மவர் வரலாறு. கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தார் வாழ்கின்றனர். டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக 18-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. 1976-இல் அவர்களுக்கென்று சலவைக்கூடம் ஒன்று கட்டித்தரப்பட்டது. படையினர் போய் இரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இன்று அங்கே வெயிலில் காய்பவை பெரும்பாலும் விடுதிகளின், மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள். கொச்சியின் விடுதியில் வெள்ளை விரிப்பில் உறங்கும் பயணி ஒருவர், மூன்று நூற்றாண்டுத் தமிழ் உழைப்பின் மேல் உறங்குகிறார் என்பதை அறியமாட்டார்.

தீவு எழுந்ததால் மட்டாஞ்சேரிக்கு என்ன நேர்ந்தது? பெரிய கப்பல்கள் நேரே தீவின் மேடைகளை அணைந்தன. படகில் ஏற்றி இறக்கும் வேலை குறைந்தது. பண்டகசாலைகளின் காயற்பக்க வாசல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தீவின் மேற்குப் பக்கத்தில் கப்பல் அணையும் மேடைக்கு மட்டாஞ்சேரி வார்ஃபு என்று பெயர் வைத்தார்கள். ஊரிலிருந்து கப்பல்களோடு பெயரும் நீர் கடந்துபோயிற்று.

பிறகு தீவின் முறை வந்தது. முன்பெல்லாம் கப்பல், ரயில், விமானம் மூன்றும் அத்தீவிலேயே கூடின. 1999-இல் விமானங்கள் நெடும்பாசேரிக்குச் சென்றன. பயணி ரயில்கள் எர்ணாகுளத்தோடு நின்றன. 2011-இல் வல்லார்பாடத்தில் புதிய சரக்குப் பெட்டக முனையம் திறந்ததும், பெட்டகக் கப்பல்கள் தீவை விட்டு அக்கரைக்கு மாறின. ஹோட்டலின் புல்வெளியிலிருந்து பார்த்தால் எதிரே அந்த முனையத்தின் பாரந்தூக்கிகள் வானத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. 2004-இல் எழுந்த கோஸ்ரீப் பாலங்களால் போல்காட்டியும் தரைவழி ஊராகிவிட்டது. 1744-இன் மாளிகைக்குப் படகில்தான் வரவேண்டும் என்ற நிலை மறைந்தது.

இவ்வாறாக, வேல்ஸில் தொடக்கத்திலேயே இருந்த நிலைமை கொச்சிக்குக் கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறது. தெருவாக இருந்த நீர் காட்சியாகிவிட்டது. அறைக்கு வாடகை குறிக்கும்போது காயல் தெரியும் அறைக்கு ஒரு விலை, தெரியாத அறைக்கு ஒரு விலை. மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் பழைய பண்டகசாலைகள் சில உணவகங்களாகவும், சில விடுதிகளாகவும் மாறிவிட்டன. 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் நிறுவனத்தின் கரையோரக் கட்டடம், 2012 முதல் ஈராண்டுக்கொருமுறைக் கலைக் கண்காட்சியின் இடமாயிற்று. மாறியவை பிழைத்தன. மாறாதவற்றில் பல, ஓடு சரிந்து, உத்தரம் உளுத்து, பூட்டிக் கிடக்கின்றன. பழுது பார்க்க முனையும்போது நீர்ப்பக்க வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, தெருப்பக்கத்துக்கு மட்டும் வண்ணம் பூசும் வழக்கம் பரவி வருகிறது. அவ்வாசலை அடைத்தபின் அது எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு கிடங்கு, கொச்சிக் கட்டடமன்று.

சுற்றுலாக் கப்பல்கள் மட்டும் இன்னும் தீவுக்கு வருகின்றன. பயணிகள் இறங்கிப் பேருந்துகளில் ஏறி, தோப்பும்படிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வருகிறார்கள். அரண்மனையைப் பார்த்து, மிளகும் ஏலமும் சிறு சிறு பொட்டலங்களாக வாங்கிக்கொண்டு, அதே பாலத்தைச் சுற்றிக் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். மட்டாஞ்சேரிப் படித்துறையில் நின்றால் அந்தக் கப்பல் எதிர்க்கரையில் தெரியும்.